சாவடி அடுப்பும் நீல உருளையும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி மேற்கே செல்பவர்க்கு வேலப்பன்சாவடி இன்று மருத்துவக் கல்லூரிகளாலும் லாரிகளாலும் அடையாளப்படுகிறது. பெயரில் தங்கிவிட்ட 'சாவடி'யோ வழிப்போக்கர் இளைப்பாறுமிடத்தைச் சொல்வது. இளைப்பாறுமிடத்தில் அடுப்பு இல்லாதிருக்குமா? சாலையோர உணவகங்களும் விடுதிச் சமையற்கூடங்களும் அந்தப் பழைய அடுப்பின் வழித்தோன்றல்களே என்று நாம் கொள்ளலாம்.

விறகடுப்பின் ஆபத்து கண்ணுக்குத் தெரிவது. புகை, பொறி, கீற்றுக்கூரை. தெரிந்தும் தப்ப முடியாமற்போன நாள் 2004 ஜூலை 16. கும்பகோணத்துப் பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்துக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று.

சமையல் வாயுவின் இயல்பு வேறு. 1950களில் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் அறிமுகப்படுத்திய இந்த எரிபொருள், 1965இல் இண்டேன் வந்தபின் மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. ஓட்டல்களில் கோட்டை அடுப்பு இடிக்கப்பட்டு, 19 கிலோ நீல உருளை நிறுத்தப்பட்டது. கரியும் கண்ணெரிச்சலும் தொலைந்ததில் சரக்கு மாஸ்டர்கள் மகிழ்ந்திருப்பார்கள், அதில் ஐயமில்லை. ஆயின் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, அடுப்பு மேடைக்கடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இரவெல்லாம் கசிந்த பூட்டிய சமையற்கூடத்தில், விடியற்காலை மின்விசிறியின் சுவிட்சைத் தட்டும் முதல் கை போதும்.

இயல்பில் அதற்கு மணமும் கிடையாது. 1937 மார்ச் 18இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை வாயு அடித்தளத்தில் தேங்கி வெடித்துச் சுமார் 295 பேர் மாண்டனர், பெரும்பாலோர் மாணவர். எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டுமென்ற சட்டம் அதன் பின்னரே அங்கு வந்தது. நம் உருளைகளில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டனின் அழுகிய வாடையும் அதே எச்சரிக்கைதான். பெருங்காயமும் வறுத்த மிளகாயும் மணக்கும் ஒரு ஓட்டல் சமையலறையில் அந்த வாடை தனித்துத் தெரியுமா என்பது வேறு கேள்வி. நீண்ட நேரம் முகர்ந்த மூக்கு அதற்குப் பழகியும்விடும்.

2017 ஜூலை நடுவில் ஓர் இரவு, வடசென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரி தீப்பற்றியது. வீரர்கள் அணைக்க முயன்றுகொண்டிருக்கையில் உள்ளிருந்த சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் பலர் தீக்காயமுற்றார்கள். அவர்களிற் சிலர் மருத்துவமனையில் மடிந்தார்கள். நெருப்பில் சூடேறிய உருளைக்குள் திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். மறுபுறம் எஃகு இளகி வலுவிழக்கும். உருளை கிழிந்த கணமே திரவம் இருநூற்றைம்பது மடங்கு வாயுவாய் விரியும். பார்க்க நிற்பவனுக்கு ஓட நேரமிராது.

2021 நவம்பரில் இலங்கை கண்டது இன்னொரு வகை. கொழும்பு ரேஸ்கோர்ஸ் வளாகத்து உணவகத்திலும் பல வீடுகளிலும் வெடிப்புகள். விசாரணைக் குழு, புரொப்பேன்–பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதையே முதன்மைக் காரணமாகச் சுட்டிற்று. அடுப்பும் குழாயும் அவைதாம். உள்ளே வந்தது மாறியிருந்தது. சமைப்பவர் எவ்வளவு கவனமாயிருந்து என்ன செய்ய?

இந்தியாவில் விதிகளுக்குக் குறைவில்லை. 100 கிலோவுக்குமேல் உருளையில் இருப்பு வைக்க உரிமம் வேண்டும். ஐந்து நீல உருளைகள் 95 கிலோ. வீட்டுச் சிவப்பு உருளையைக் கடையில் எரிப்பதை 2000ஆம் ஆண்டின் ஆணை தடுக்கிறது. விலை வேறுபாடு இருக்கும்வரை அது மீறப்படும் என்றே நமக்குத் தோன்றுகிறது. உருளையின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் உண்டு. 'ஏ' எனில் ஜனவரி முதல் மார்ச், 'டி' எனில் அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டுக்குள் உருளை மறுசோதனைக்குப் போயாக வேண்டும். அடுத்தமுறை சாலையோரம் தேநீர் குடிக்க நிற்கையில், பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பதன் கழுத்தைப் பாருங்கள்.