ஊசியை எறிந்த காலமும் தேடுகிற காலமும்

கிராமபோன் காலத்தில் ஊசி ஒரு பெரிய சாமானே இல்லை. சின்னத் தகரப் பெட்டியில் உருக்கு ஊசிகள் இருநூறாக வரும். தட்டின் ஒரு பக்கம் பாடி முடிய, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். 78 சுற்று இசைத்தட்டின் அரக்குக்குள் கல்மா கலந்திருந்தது. அது ஊசிமுனையை அராவி, பாட்டுப் பதிந்திருக்கும் தவாளிப்புக்குப் பொருந்த வைக்கும். தேய வேண்டியது ஊசி, பாட்டு அல்ல. நல்ல ஏற்பாடுதான்.

1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை வெளியிட்டதோடு இந்தக் கணக்கு தலைகீழாகியது. வைனில் மிருதுவானது, அதன் தவாளிப்பு பழையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அகலம்தான். உருக்கு ஊசி அதை உழுதுவிடும். ஆகவே முனை நீலக்கல்லாகி, பிறகு வைரமாகியது. அசைவை மின்னாக மாற்றும் காட்ரிட்ஜ் என்ற சின்னப் பெட்டியோடு அந்த முனை கட்டுப்பட்டது. எந்த ஊசியும் எதற்கும் போடலாம் என்ற காலம் அத்தோடு சரி.

மலிவான ரேடியோகிராம்களில் வந்தது பளிங்குக் காட்ரிட்ஜ். உள்ளே ரொஷெல் உப்பு. வளைத்தால் மின் தரும். ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும், 55 பாகைச் சூட்டில் சிதைந்துவிடும். எங்கட சுவாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கேலாது! தட்டுச் சுற்றுது, ஊசி புதுசு, சத்தம் மட்டும் இல்லை எண்டால் பெரும்பாலும் செத்தது உப்புத்தான். அங்கே ஊசியை மாற்றிப் பயனில்லை. ஈரத்துக்கு அசையாத செராமிக் காட்ரிட்ஜ்தான் வழி.

அந்தக் காலத்துக் காட்ரிட்ஜ் பலதில் 78க்கு ஒன்று, எல்.பி.க்கு ஒன்றாக இரண்டு ஊசிகள். சின்னப் பிடியைத் திருப்பினால் மாறும். திருப்ப மறந்தவர்களால் நாசமான தட்டுகள் எத்தனையோ. 1958 அளவில் ஸ்டீரியோ கடைக்கு வந்தபோது இன்னொரு சிக்கல்: ஊசி மேல்கீழாகவும் அசைய வேண்டும். விறைப்பான பழைய மோனோ காட்ரிட்ஜ் அந்தத் தட்டுகளைச் சுரண்டிவிடும்.

அதே 1958இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் எம்3டி என்ற ஸ்டீரியோ காட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. அசையும் காந்த வகை. சுருள் உடலில் நிற்கும்; காந்தமும் வைரமும் உள்ள ஊசிப்பகுதியைக் கையால் இழுத்துக் கழற்றலாம். என் பார்வையில் இசைத்தட்டுகளை இன்றுவரை வாழவைத்தது இந்தக் கழற்றும் வசதிதான். 1960களில் ஜப்பானிய ஒலிபரப்புக்காக உருவான டெனொன் டிஎல்-103 அசையும் சுருள் வகை. அருமையான சத்தம். ஊசி தேய்ந்தால் முழுக் காட்ரிட்ஜையும் அனுப்பி மாற்ற வேண்டும். தபாலுக்கும் சுங்கத்துக்கும் பயந்த எங்களைப் போன்ற ஆக்களுக்கு அது சரிவராது.

ஷூர் 2018இல் காட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் ஜப்பானில் ஜிக்கோ என்ற ஊசி நிறுவனம் ஷூரின் பழைய மாதிரிகளுக்கு இன்னும் ஊசி செய்கிறது. தேடும்போது பிளேயரின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. காட்ரிட்ஜின் உடலில் உள்ள இலக்கத்தைப் பாருங்கோ, ஊசி அதற்குத்தான். வைரமுனை 500 முதல் 1000 மணித்தியாலம் வரை தாங்கும். நீலக்கல் அதில் சின்னப் பங்குதான்.

எங்கள் வீடுகளில் கிடக்கும் தட்டுகள் சில மறுபடி வெளிவரவே இல்லை. தேய்ந்த ஊசியோடு "சும்மா ஒருக்காப் போட்டுப் பாப்பம்" எண்டு வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பிரதியின் மேல்சுரம்தான் முதலில் போகும். புது ஊசி வரும்வரை உறைக்குள்ளேயே கிடக்கட்டும்.