பற்றுச்சீட்டுக் கட்டோடு நடந்தவர்கள்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி முயற்சிகள் பற்றி வெளிவந்த நினைவு மலர்கள் பல என் அலுமாரியில் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றினதும் அமைப்பு ஒன்றுதான். முதலில் ஸ்தாபகரின் படம், அடுத்துக் கொடையாளிகளின் படங்கள், அதன் பின்னர் அவ்வருட நிருவாக சபையினர் அமர்ந்தும் நின்றும் எடுத்துக்கொண்ட குழுப்படம். அந்தப் படத்தில் ஆகப் பின்னால், தூணோரமாக, கீழே பெயர் அச்சிடப்படாத ஒருவர் நிற்பதுண்டு. விசாரித்தால், அவர்தான் சங்கத்தின் எழுதுவினைஞர் அல்லது சந்தா சேகரிப்பவர் என்று சொல்வார்கள். நமது கல்வி வரலாற்றை எழுதியவர்கள் ஸ்தாபகர்களுக்கும் கொடையாளிகளுக்கும் உரிய இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். தூணோரம் நின்றவரைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு.

கிழக்கில் ஒரு சிற்றூரில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற பின்னர், பதினொரு வருடங்கள் ஊர்க் கல்வி நிதியமொன்றின் கௌரவ செயலாளராக இருந்தேன். பெரிய நிதியமல்ல. வருடத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, விடுதிக் கட்டணம் என்று கொடுத்து வந்தோம். அந்த அனுபவத்தோடு பழைய வரலாற்றைத் திரும்ப வாசித்தபோது, முன்னர் கண்ணிற் படாத சில விடயங்கள் தென்பட்டன.

அறிஞர் சித்திலெப்பையிடமிருந்தே தொடங்க வேண்டும். 1838இல் கண்டியிற் பிறந்து, சட்டத்தரணியாகத் தொழில் பார்த்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தவர். 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் என்பதால் நம் இலக்கிய வட்டத்தினர் அவரை நாவலாசிரியராகவே அதிகம் அறிவர். ஆனால் அவர் தமது கைப்பொருளையும் காலத்தையும் பெரும்பாலும் செலவிட்டது பாடசாலைகளுக்காகவே. 1884இல் கொழும்பு சோனகத் தெருவில் ஒரு பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி அல்மதுரஸதுஸ் ஸாஹிறா தொடங்கப்பட்டது. அது நின்றது, இன்றைக்கும் ஸாஹிறாக் கல்லூரியாக நிற்கிறது.

எட்டு வருட இடைவெளியில் ஒன்று வாடியதும் மற்றொன்று தழைத்ததும் ஏன்? ஒராபி பாஷாவின் ஆதரவு கிடைத்ததாற்றான் என்பது வழமையான விடை. எகிப்தியப் புரட்சி தோல்வியுற்று 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்தவர், 1901 வரை இங்கிருந்தவர். அவரது பெயருக்கு இருந்த மதிப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1884இலும் ஒராபி பாஷா கொழும்பில்தானே இருந்தார்! ஆகவே அந்த விடை முழுமையானதல்ல. மருதானையில் ஒரு பள்ளிவாசல் இருந்தது, இடம் இருந்தது, வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஜமாஅத் இருந்தது, பொறுப்பேற்று நடத்த ஒருவருக்கு மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியெழுப்பிய ஒப்பந்தகாரர். 1877இல் அக்கட்டடம் திறக்கப்பட்டபோது, என்ன பரிசு வேண்டுமெனத் தேசாதிபதி கிரகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தாற் போதும் என்று இவர் சொன்னதாக ஒரு கதையை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கதை எவ்வாறாயினும், கல்லையும் சுண்ணாம்பையும் கூலிக் கணக்கையும் அறிந்த ஒருவர் ஒரு கல்வி முயற்சியில் இருப்பது எத்தகைய பலம் என்பதை ஒரு வகுப்பறைக்குக் கூரை போட்டுப் பார்த்தவர்களே அறிவர்.

சித்திலெப்பை 1898இல் காலமானார். அதன் பின்னர் ஸாஹிறா தள்ளாடிய காலம் நீண்டது. முகாமையாளராயிருந்த என்.எச்.எம். அப்துல் காதர் 1921இல் ரி.பி. ஜாயாவை அதிபராக அழைத்து வந்ததோடு நிலைமை மாறியது. இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜாயா பாடசாலை நடத்தக் கற்றது முஸ்லிம் பாடசாலையில் அல்ல. அவர் கண்டி தர்மராஜாவிலும் கொழும்பு ஆனந்தாவிலும் ஆசிரியராக இருந்தவர். அவை பௌத்தர்கள் தமது சமூகத்தின் கல்விக்காகச் சதம் சதமாகச் சேர்த்து வளர்த்த கல்லூரிகள். ஜாயாவுக்குப் பின்னர் 1948இல் அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். சைவர்களின் கல்வித் தர்மம் வளர்த்த பிள்ளை அவர். நமது இரண்டு பேரதிபர்களையும் உருவாக்கியதில் அயற்சமூகத்தாரின் கல்விச் சங்கங்களுக்குப் பங்குண்டு. இதை நம் மலர்களிற் சிலவே குறிப்பிடுகின்றன. அஸீஸின் காலத்தில் அந்தக் கடனில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது என்றும் சொல்லலாம். பேராசிரியர் சிவத்தம்பி ஸாஹிறாவிற் படித்தவர், பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர்.

ஜாயா கொழும்போடு நின்றுவிடவில்லை. அளுத்கம, கம்பளை, புத்தளம், மாத்தளை ஆகிய இடங்களிலும் ஸாஹிறாவின் கிளைகள் எழுந்தன. அதிபர் கொழும்பிலிருந்து எண்ணத்தைக் கொடுக்கலாம். மாத்தளையிலே மேசை வாங்கவும் புத்தளத்திலே ஆசிரியருக்குத் தங்குமிடம் தேடவும் அவ்வவ்வூரில் ஒருவர் அலைந்துதான் இருக்க வேண்டும். அவர்களுடைய பெயர்களை அந்தந்த ஊர்க்காரர்களே எழுதி வைக்க வேண்டும். இப்போது எழுதாவிட்டால் பின்பு கேட்டறிய ஆளிருக்காது.

இனி அஸீஸிடம் வருகிறேன். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். யுத்த காலத்தில், ஜப்பானியக் குண்டுகள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விழுந்த 1942ஆம் வருடத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல்லைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். வயற்காரரின் கெட்டித்தனமான மகன் ஐந்தாம் வகுப்போடு மாட்டின் பின்னால் போவதைக் கண்டு, அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அதன் விரிவாகவே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று.

1945 என்ற வருடத்தைக் கவனிக்க வேண்டும். கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே வருடந்தான். கல்வி இலவசமான வருடத்தில் கல்விக்கென ஒரு நிதியம் எதற்கு என்று அன்று யாரேனும் கேட்டிருக்கக் கூடும். எங்கள் நிதியத்திலும் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வரும், பெரும்பாலும் பணம் தர விருப்பமில்லாதவர்களிடமிருந்து. அரசாங்கம் வகுப்புக் கட்டணத்தை நீக்கியது. விடுதிச் சாப்பாட்டையோ, பஸ் கூலியையோ, மூத்த மகன் படிக்கப் போனதால் வயலிற் குறைந்த ஒரு கூலியையோ அது நீக்கவில்லை. 1942இல் பல்கலைக்கழகம் அமைந்திருந்தது. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பையன் அங்கே போய்ச் சேர்வதற்கு வகுப்புக் கட்டணத்தைவிட வேறு பல தடைகள் இருந்தன. அஸீஸ் இதைச் சரியாகக் கண்டுகொண்டார் என்பதே என் எண்ணம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த முயற்சிகளின் ஆரம்ப வரலாற்றில் பெண்பிள்ளைகள் மிகவும் பிந்தியே வருகிறார்கள். சித்திலெப்பை பெண் கல்வியை அன்றே வலியுறுத்தினார். அதற்காக ஏச்சும் வாங்கினார். ஆயினும் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உண்டானது 1946இல், ஸாஹிறாவுக்கு ஐம்பத்து நான்கு வருடங்களின் பின்னர். சேர் ராசிக் பரீத் முன்னின்றார். அவர் வாப்பிச்சி மரிக்காரின் பேரர். அதிபராகக் கேரளத்திலிருந்து வந்த ஆயிஷா ரவூப் பொறுப்பேற்றார். 1949இல் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரோடு பேசிப் பிள்ளைகளை அழைத்து வருவது அன்று ஒரு வேலை. அந்த வேலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. கல்வியமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். ஜாயாவின் காலத்திலே கம்பளை ஸாஹிறாவுக்கு அதிபராயிருந்தவர்! அஸீஸ் 1961இல் ஸாஹிறாவை விட்டு நீங்கினார். இந்தச் சட்டங்களைப் பற்றி நம்மவர்களிடையே இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. கல்விச் சங்கங்களின் வேலை மாறியதையே சொல்ல வருகிறேன். அதுவரை அவர்கள் கட்டடம் கட்டினார்கள், ஆசிரியருக்குச் சம்பளம் தேடினார்கள். பின்னர் அந்தச் சுமை அரசிடம் போயிற்று. சங்கங்களுக்கு மிஞ்சியது பிள்ளை: இந்தப் பிள்ளைக்கு உதவுவதா, அந்தப் பிள்ளைக்கு உதவுவதா என்ற தீர்மானம். சுவர் கட்டுவதைவிட அது கடினமானது. ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு விதவைகளின் விண்ணப்பங்கள் மேசையில் இருக்க, பணம் ஒன்றுக்கு மட்டும் இருக்கும் மாலைகளை நான் பல தடவை கடந்திருக்கிறேன்.

எங்கள் நிதியத்துக்குச் சந்தா சேகரித்தவரை ஊரில் 'சீட்டுக் காக்கா' என்றே அழைத்தார்கள். பெயரைச் சொல்ல அவர் விரும்பியிருக்க மாட்டார். பழைய சைக்கிள், தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பற்றுச்சீட்டுக் கட்டுகள். றமழானில் தறாவீஹ் முடிந்து ஒவ்வொரு பள்ளியாகப் போவார். கணக்கு எழுத உட்கார்ந்தால் என்னிடம் சொல்வார்: "பத்து ரூவா தந்தவர்ர பேர முதல்ல எழுதுங்க சேர். ஐயாயிரம் தந்தவரு தேட மாட்டாரு. பத்து ரூவாக்காரர் அவர்ர பேரு இருக்கான்னு வந்து பாப்பாரு." நான் அப்படியே எழுதினேன். நாற்பது வருடம் இந்த வேலையைச் செய்தவருக்கு நிதியம் கொடுத்தது பெருநாளைக்கு ஒரு சாரமும் சேர்ட்டும் மட்டுமே.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எங்கள் காரியாலயமும் போயிற்று. அலுமாரி, கோவைகள், விண்ணப்பங்கள், இருபது வருடத்துக் கூட்டறிக்கைகள் யாவும் சேறாகிவிட்டன. காக்காவின் வீடு வயற்பக்கம். பற்றுச்சீட்டுகளின் எங்களுக்குரிய பாதிகளை அவர் ஒரு தகரப் பெட்டியில் வருட வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டியைக் கொண்டுதான் நிதியத்தின் கணக்கை மீண்டும் எழுதினோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு முதலில் கொப்பி வாங்கிக் கொடுத்த செலவுச் சீட்டும் அதற்குள் இருந்தது. அந்தக் கொடுப்பனவு எந்தக் கூட்டறிக்கையிலும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சபை கூடுமுன்னரே அவர் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவருக்கு மாதச் சம்பளம் ஒன்று கொடுக்க வேண்டுமென்று நான் சபையிற் பிரேரித்தபோது பெரும் வாதம் எழுந்தது. "இது அல்லாஹ்வுக்காகச் செய்யிற வேலை, இதுக்குக் கூலி கேக்கிறதா?" என்றார் ஒருவர். அவர் மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரர். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாருள் அதைச் சேகரிக்க உழைப்பவர்களும் அடங்குவர் என்பது சூரா தவ்பாவின் 60ஆம் வசனத்தில் தெளிவாக உள்ளது. இதை எடுத்துச் சொன்னேன். சபையிலிருந்த மௌலவி நிதானமாக மறுத்தார். அந்தப் பங்கு ஆட்சியாளர் நியமித்தவர்க்கே உரியது என்று கருதும் இமாம்கள் இருக்கிறார்கள், ஊர்ச் சங்கத்தின் ஊழியருக்கு அது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஸகாத்திலிருந்து கொடுக்க இயலாவிட்டால் பொது நன்கொடையிலிருந்து கொடுப்பதை எது தடுக்கிறது? அதற்கு விடை வரவில்லை. தேநீர் வந்தது, கூட்டம் முடிந்தது.

'கௌரவ' என்ற அடைமொழிதான் இங்கே நம் இடர்ப்பாடு என்று எனக்குப் படுகிறது. கௌரவ செயலாளர், கௌரவ பொருளாளர், கௌரவ கணக்காய்வாளர். ஓய்வூதியம் வாங்கும் என் போன்றவருக்குக் கௌரவம் போதும். சைக்கிளில் திரிபவருக்குப் போதாது. அவர் களைத்துப்போனால், அல்லது அவருடைய மகன் மத்திய கிழக்குக்குப் போய் வாப்பாவை இந்த வேலைக்குப் போக வேண்டாமென்றால், சங்கம் அந்த வருடமே படுத்துவிடும். நான் அறிய எங்கள் பகுதியில் இவ்வாறு படுத்த சங்கங்கள் மூன்று. பேருவளையில் நளீம் ஹாஜியார் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியபோது வேறொரு வழியைக் காண்கிறோம். பெரிதாகப் பள்ளிப் படிப்பில்லாத மாணிக்க வியாபாரி அவர். ஆனால் கற்பிப்பதற்கும் நிருவகிப்பதற்கும் முழுநேர ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு ஊதியம் வேண்டும் என்பதை வியாபாரியாகவே விளங்கியிருந்தார். கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி பல தசாப்தங்கள் அங்கே பணிப்பாளராக நிலைத்து, 2020இல் காலமாகும் வரை அந்நிறுவனத்தோடு இருந்தார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நளீம் ஹாஜியார் கிடைக்க மாட்டார் என்பது உண்மை. ஓர் எழுதுவினைஞருக்குச் சம்பளம் கொடுக்க ஒரு நளீம் ஹாஜியார் தேவையுமில்லை.

2022இல் நாடு பட்ட பாடு யாவருக்கும் தெரியும். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட வருடம் அது. கொப்பி விலை ஏறிய வேகத்தில், நாங்கள் கொடுத்த உதவித் தொகை பாதிக் கொப்பிக்கும் காணவில்லை. விண்ணப்பங்கள் இரண்டு மடங்காயின. காக்கா அதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். அவர் போன பின்னர் சந்தா அரைவாசியாகக் குறைந்திருந்தது. அப்போதுதான் சபை அந்தப் பழைய பிரேரணையைத் திரும்பவும் எடுத்தது. கணக்கியல் படித்த ஊர்ப்பெண் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவதென்று ஒரு வாக்கு வித்தியாசத்திலே தீர்மானமாயிற்று. மூன்று கடைக்காரர் எதிர்த்தே வாக்களித்தார். ஆயினும் தன் சந்தாவை நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளை கணக்குகளைக் கணனியில் ஏற்றுகிறார். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களுக்குப் பற்றுச்சீட்டை அன்றைக்கே தொலைபேசியில் அனுப்பிவிடுகிறார். சந்தா பழைய அளவுக்கு இன்னும் ஏறவில்லை. தகரப் பெட்டியிலுள்ள சீட்டுகளையும் பதிந்து வைக்கும்படி கேட்டிருக்கிறேன். 1987 வரை வந்திருப்பதாகச் சென்ற வாரம் சொன்னார்.