எஃகை ஊடுருவிய எஃகு

சங்க நூல்களில் ‘எஃகு’ என்னும் சொல் வேலையும் கூரிய படைக்கலத்தையும் குறித்து வரக் காண்கிறோம். பின்னாளில் அச்சொல் உலோகம் ஒன்றின் பெயராக நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின் டாங்கிச் சமர்களைப் படிக்குங்கால் அவ்விரு பொருளும் மீண்டும் ஒன்றாகின்றன. எறியப்படுவதும் எஃகு, தடுத்து நிற்பதும் எஃகு. உழிஞையாரும் நொச்சியாரும் ஒரே மதிலின் இருபுறத்தும் நின்றதுபோய், தாக்கும் பீரங்கியும் காக்கும் கவசமும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்ட காலம் அது. கவிஞர்கள் கூடும் மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். புறத்திணை வகுத்தோர் வழிவந்தவர்கள் நாம் என்பதே அவர்களுக்கு என் விடை.

இன்ன பீரங்கி, இன்ன தொலைவில், இத்தனை மி.மீ. தகட்டைத் துளைக்கும் என்னும் பட்டியல்கள் போர் நூல்களில் மலிந்து கிடக்கின்றன. அவை பொய்யல்ல. ஆயினும் அவற்றை மட்டும் நம்பிக் களத்தைப் பார்ப்பவர், யாப்பிலக்கணத்தை மட்டும் கற்றுக் கவிதையை அளக்க முற்படுபவரை ஒப்பர்.

1940 மே 21 அன்று வட பிரான்சில் அர்ராஸ் நகருக்கருகே, ராமலின் தலைமையிலிருந்த 7ஆம் பான்சர் பிரிவை ஆங்கிலேயரின் மட்டில்டா டாங்கிகள் தாக்கின. இரண்டாம் வகை மட்டில்டாவின் முன்கவசம் 78 மி.மீ. வரை தடித்தது. ஜெர்மானியரின் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக் குண்டுகள் அதன்மேல் பட்டுத் தெறித்தன. அப்பீரங்கிக்குக் ‘கதவு தட்டும் கருவி’ என்று ஜெர்மானிய வீரர்களே எள்ளிப் பெயரிட்டனர். இறுதியில் தாக்குதலை நிறுத்தியவை களப் பீரங்கிகளும், விமானங்களை வீழ்த்துவதற்கென அமைந்த 88 மி.மீ. பீரங்கிகளும் ஆகும். வானத்தை நோக்கி நிமிர்ந்திருந்த குழல் தரைமட்டத்துக்குத் தாழ்ந்தபோது, உயரப் பறப்பதை எட்ட வேண்டிக் கொடுக்கப்பட்ட வேகமே கவசத்தைப் பிளக்கும் ஆற்றலாயிற்று.

மறு ஆண்டு சோவியத் நாட்டில் ஜெர்மானியருக்கு இதனினும் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. டி-34 டாங்கியின் முன் தகடு 45 மி.மீ. தடிப்பே உடையது. ஆனால் அது நிமிர்ந்து நில்லாமல் 60 பாகை சாய்ந்து நின்றது. நேரே வரும் குண்டு அச்சாய்வின் ஊடே 90 மி.மீ. எஃகைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலும் கடவாமல் வழுக்கி மேலே சென்றது. தடிப்பைக் கூட்டாமல் தடையைக் கூட்டிய அச்சாய்வை, சொல் சுருங்கப் பொருள் பெருகிய செய்யுள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மானியர் அப்பாடத்தை விரைந்து கற்றனர். 1942இல் நீண்ட குழல் கொண்ட 75 மி.மீ. பீரங்கியை நான்காம் வகை டாங்கியில் ஏற்றினர். அவ்வாண்டே 88 மி.மீ. பீரங்கியுடன் டைகர் வந்தது. 1943இல் பான்தர் வந்தது. பான்தரின் முன் தகடு 80 மி.மீ.; சாய்வு 55 பாகை. கணக்கிட்டுப் பார்ப்பின் ஏறத்தாழ 140 மி.மீ. ஆகிறது.

1944இல் நார்மண்டியில் இதனை எதிர்கொண்டது அமெரிக்கரின் ஷெர்மன். இங்கு ஒரு வியப்பு உண்டு. ஷெர்மனின் பீரங்கியும் 75 மி.மீ.; பான்தரின் பீரங்கியும் 75 மி.மீ. வாயளவால் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் ஷெர்மனின் குழல் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். பான்தருடையது 5 மீட்டருக்கும் மேல். ஷெர்மனின் கவசம் துளைக்கும் குண்டு வினாடிக்கு 619 மீட்டர் வேகத்தில் புறப்பட, பான்தருடையது 935 மீட்டர் வேகத்தில் புறப்பட்டது. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் வளரும். ஆகவே ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரு குண்டுகளுள் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்குக்கும் மேலான வலிமையோடு மோதியது.

எனில் அமெரிக்கத் தளபதிகள் அறியாமையால் அப்பீரங்கியை வைத்துக்கொண்டிருந்தனரா? அப்படித் தீர்ப்பளிப்பது எளிது, நேர்மையன்று. டாங்கி எதிர்கொள்ளும் இலக்குகளுள் பெரும்பாலானவை டாங்கிகள் அல்ல. பதுங்குகுழிகள், காலாட்படை, மறைந்திருக்கும் பீரங்கிகள். அவற்றின்மேல் வெடிக்கும் 75 மி.மீ. குண்டு, புதிய 76 மி.மீ. பீரங்கியின் குண்டைவிட மிகுதியான வெடிமருந்து கொண்டது. பகைவரின் டாங்கிகளைக் கவனிக்கத் தனியே ‘டாங்கி அழிப்பான்’ வண்டிகள் உள்ளன என்பது அன்றைய அமெரிக்கப் படைக் கொள்கை. 76 மி.மீ. பீரங்கி பூட்டிய ஷெர்மன்கள் படையெடுப்புக்கு முன்பே இங்கிலாந்தில் வந்து இறங்கியும் அவற்றைக் கேட்டு வாங்க ஆளில்லை. காகிதத்தில் அம்முடிவுக்குக் காரணம் உண்டு. ஆனால் வேலிப் புதர்களுக்கிடையே பான்தரின் முகத்தை நேரே கண்ட ஐவர் அடங்கிய வண்டிக் குழுவினருக்கு அக்காரணம் எவ்வகையிலும் பயன்பட்டதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் இசிஞி என்னுமிடத்தில், கைப்பற்றிய 3 பான்தர்களை நிறுத்திவைத்து அமெரிக்கர் சுட்டுப் பார்த்தனர். 76 மி.மீ. பீரங்கியின் வழக்கமான குண்டு 200 கஜத்திலிருந்தும் அச்சாய்ந்த தகட்டைத் துளைக்கும் என நம்ப இயலவில்லை. மற்றொன்றும் தெரியவந்தது. மூன்று வண்டிகளின் தகடுகளும் ஒரே தரமாக இல்லை. ஒன்று அடிமேல் அடி தாங்கிற்று, மற்றவை சில அடிகளிலேயே விரிசல் கண்டன. எஃகுக்கு உறுதி தரும் மாலிப்டினம் ஜெர்மனியில் அரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. பட்டியலில் 80 மி.மீ. என்று ஒரே எண்ணாகத் தெரிவது களத்தில் ஒரே பொருளாக இருக்கவில்லை.

ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். ஷெர்மனின் சிறிய கோபுரத்துக்குள் தம் 17 பவுண்டர் பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினர். அவ்வாறு பிறந்தது ஃபயர்ஃபிளை, நம் மொழியில் மின்மினி. அதன் கவசம் துளைக்கும் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 880 மீட்டர் வேகம் கொண்டது. பெரிய குண்டுகளை அடுக்க இடம் வேண்டி, ஐவரில் ஒருவரின் இருக்கையையே எடுத்துவிட்டனர். நான்கு டாங்கிகளுக்கு ஒன்று என்பதே பொதுவான பங்கீடு. நீண்ட குழலைக் கண்டதும் ஜெர்மானியர் அதையே முதலில் குறிவைத்தனர். எனவே குழலின் முன்பாதியின் அடிப்புறத்தில் வெள்ளை வண்ணம் பூசி, தொலைவிலிருந்து பார்ப்போர்க்குக் குட்டைக் குழலாகத் தோன்றச் செய்தனர். படையின் மிக வலிய பீரங்கி, வலுவற்றதைப்போல வேடமிட்டு உயிர் பிழைக்க வேண்டியிருந்தது.

1944 ஆகஸ்ட் 8 அன்று நண்பகலில் செயின்ட் அய்ஞான் அருகே, பழத்தோட்டம் ஒன்றில் மறைந்திருந்தது ‘வெலிகியே லூகி’ என்று பெயரிட்ட ஒரு ஃபயர்ஃபிளை. அதன் பீரங்கியை இயக்கியவர் ஜோ எக்கின்ஸ். படையில் சேருமுன் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டைகர்கள் சாலையோரமாக வடக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. அவை தம் பக்கவாட்டைக் காட்டிச் சென்றன. தோட்டத்தை அவை பார்க்கவில்லை. தொலைவு ஏறத்தாழ 800 கஜம். பன்னிரண்டே நிமிடங்களில், ஐந்து குண்டுகளில், மூன்று டைகர்கள் அழிந்தன. இடையில் மூடியின் கதவு தலையில் விழுந்து வண்டித் தலைவர் காயமுற, வேறோர் அதிகாரி வந்து பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. டைகரின் முன்கவசம் 100 மி.மீ. என்னும் பெருமைக்கு அன்று வேலையே இல்லை.

அன்று அக்களத்தில் மாண்டவர்களுள் ஜெர்மானியர் போற்றிய டாங்கி வீரர் மைக்கேல் விட்மன் ஒருவர். அவரை வீழ்த்தியது எக்கின்ஸின் குண்டா, சாலையின் மறுபுறத்திலிருந்த கனடியரின் குண்டா என்று நெடுங்காலம் வழக்காடினர். எக்கின்ஸின் வண்டியும் அன்றே அடிபட்டு அழிந்தது. உள்ளிருந்தோர் குதித்துத் தப்பினர். பின்னர் அவரை வேறொரு டாங்கியில் வானொலி இயக்குபவராக அமர்த்தினர். போர் முடியும்வரை அவர் மீண்டும் டாங்கிப் பீரங்கியைச் சுடவேயில்லை.