பாணரும் துணையிசையும்

பண்டைத் தமிழக வரலாற்றை ஆராய்வோர் வேந்தரையும் வள்ளல்களையும், அவர்களைப் பாடிய புலவர்களையும் விரித்துரைப்பர். அவர்தம் புகழை யாழிலேற்றி ஊர்தோறும் பரப்பிய பாணரைப் பற்றிச் சிறிதே கூறுவர். பாணருடன் நடந்து, உடன் பசித்து, உடன் இசைத்த துணைவரைப் பற்றியோ கூறுவார் மிகச் சிலரே. பாடுவோன் பெயர் நிலைபெற, உடன் இசைப்போர் பெயர் மறைதல் உலக வழக்காகும். ஆயினும் இசையை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்போர் பெரிதும் அத்துணைவரே என்பதைத் தமிழிசை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பாணன் தனித்துச் சென்றவன் அல்லன். பத்துப்பாட்டுள் பொருநராற்றுப்படை 248 அடிகளாலும், சிறுபாணாற்றுப்படை 269 அடிகளாலும், பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளாலும், கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளாலும் அமைந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் வறுமையுற்று எதிர்வரும் மற்றொருவனை வள்ளலிடத்து வழிப்படுத்துவதே இவற்றின் பொருள். அங்ஙனம் எதிர்வருவோன் பின்னே விறலியும் சுற்றமும் வருதலைப் புலவர் மறவாது காட்டுகின்றனர். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் கூட்டத்தை மலைபடுகடாம் வருணிக்கும்பொழுது, முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளைப் பெயர் சுட்டி அடுக்குகின்றது. பைகளிலிட்டுச் சுமந்த அக்கருவிகள் பலாமரத்திற் காய்த்த குலைகள்போலத் தோன்றினவாம். இத்தனை கருவிகளையும் ஒருவன் இயக்குதல் இயலாது. எனவே அக்காலத்து இசை ஒரு கூட்டத்தின் தொழிலாயிருந்தமை பெறப்படும்.

இக்கூட்டத்தாரின் இசை அரசவையை மகிழ்விப்பதோடு அமையவில்லை. வழிப்பறி செய்யும் கள்வரும் பாலைப்பண் கேட்டுத் தம் படைக்கலத்தைக் கைவிடுவர் எனப் பொருநராற்றுப்படை கூறும். விழுப்புண் பட்டுக் கிடக்கும் வீரனது மனையில் வேப்பிலை செருகி, ஐயவி சிதறி, நறும்புகை எழுப்பி, யாழும் பல்லியமும் இயம்பக் காஞ்சிப்பண் பாடிக் காத்த வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் செய்யுள் காட்டுகின்றது. ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவன் பொருட்டுத் தூது செல்லும் வாயில்கள் பன்னிரண்டனுள் பாணனையும் பாடினியையும், கூத்தரையும் விறலியரையும் தொல்காப்பியம் சேர்த்தெண்ணுகின்றது. வழித்துணையாகவும், நோயுற்றார்க்குக் காவலாகவும், பிரிந்தாரைச் சேர்ப்பாராகவும் இவர்கள் விளங்கினர்.

மேனாட்டாரும் இத்தகைய பாடகரை நன்கறிவர். கெல்தியரிடையிருந்த பாணரும், வடபுல நோர்சு மக்களிடையிருந்த புகழ்ப்பாடகரும் இதற்குச் சான்றாவர். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டிற் பலர் கூடியிருந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்று, ஒரு குழுவாக அரும்பயணம் செல்வர். அதிற் பாணன் என்னும் பாத்திரம் 1976ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. பகைவரை மயக்குதலும் உடன்வருவோர்க்கு ஊக்கமளித்தலும் அவன் பாட்டின் பயன்களாம். இளைஞர் இன்று கற்பனையென்று விளையாடும் அப்பயன்களைச் சங்கப் பாடல்கள் வாழ்க்கை நிகழ்ச்சிகளாகவே எடுத்துரைத்தல் எண்ணத்தக்கது. எனினும் விளையாட்டில் ஒரு பாணனே குழுவினர் யாவர்க்கும் துணையாவான். தமிழ்நாட்டிலோ பாணனுக்கே ஒரு துணைக்குழு இருந்தது.

துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வர் குடிகளையே குடிகளெனச் சிறப்பித்துப் பாடினார் புறநானூற்றுப் புலவராகிய மாங்குடி கிழார். காலம் செல்லச் செல்லப் பாணரைப் புரந்த குறுநில மன்னர் அழிந்தனர். பாணர் குடியும் தாழ்வுற்றது. சேக்கிழார் கி.பி. 12ஆம் நூற்றாண்டிற் பாடிய பெரியபுராணத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருக்கோயிலின் புறத்தே நின்று யாழிசைத்தார் என்றும், இறைவன் ஆணையாலேயே உள்ளே அழைக்கப்பெற்றார் என்றும் காண்கிறோம். திருவாரூரில் அவர்க்கென வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டதாம். திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர் யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார்க்கும் வேள்விச்சாலையின் வேதிகையருகே இடமளிக்க, வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கியது என்பர். துணையிசையாளர் நின்ற இடம் எது என்பதை இந்நிகழ்ச்சிகள் மறைவின்றி உணர்த்துகின்றன.

திருஞானசம்பந்தர் பாட, யாழ்ப்பாணர் அதனை யாழிலிட்டு உடன் சென்றார். தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் சுற்றத்தார், அவர் யாழில் இசைப்பதனாலன்றோ பிள்ளையாரின் பதிகம் உலகிற் பரவுகின்றது என்றனர். அச்சொற் கேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காத பதிகமொன்றைப் பாடியருள வேண்டினார். பாட்டின் இசை நரம்பில் அடங்காமை கண்டு கருவியை உடைக்கவும் முற்பட்டார். பிள்ளையார் அதனைத் தடுத்து, அடங்கிய அளவில் இசைத்தல் அமையுமென அருளினார். சுற்றத்தார் கூற்றைப் பாணர் மறுத்தது அவரது அடக்கத்துக்கு அழகே. ஆயினும் பின்வந்த வரலாறு அக்கூற்றில் ஓர் உண்மை பொதிந்திருந்ததைக் காட்டிற்று.

தேவார ஏடுகள் தில்லையில் மீட்கப்பட்டபின், அவற்றுக்குரிய பண்கள் யாவை எனத் தெரியாது நம்பியாண்டார் நம்பியும், முதலாம் இராசராசன் எனக் கருதப்படும் சோழவேந்தனும் மயங்கினர். முடிவில், யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூரில், அவர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். பாட்டை ஏடு காத்தது. பண்ணைக் காத்தது துணையிசையாளரின் குடி. அப்பெண்ணின் பெயரைத்தானும் அந்நூல் கூறாமை வருந்தத்தக்கது.

பின்னர் யாழும் வழக்கொழிந்தது. வாசித்த கைகள் மறைந்தமையால், அதன் உருவத்தையும் நரம்பமைதியையும் நூல்களிலிருந்து தேடவேண்டிய நிலை நேர்ந்தது. அப்பெரும்பணியைத் தலைமேற்கொண்டவர் கீழைக் கரையிலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகளாவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், விஞ்ஞானப் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே உடையவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் ஆதாரமாகக் கொண்டு கணக்கிட்டு அவர் இயற்றிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஒரு மரபு தன் கையால் எளிதில் உணர்த்தக்கூடியதை, அம்மரபு அற்றபின் பேரறிஞர் ஒருவர் பல ஆண்டு உழைத்து மீட்கவேண்டியதாயிற்று.

அடிகள் பிறந்த காரைதீவுக்குத் தென்மேற்கே இறக்காமம், வரிப்பத்தான்சேனை முதலிய முஸ்லிம் ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த வயல்நிலங்களும் உள. இப்பகுதியில் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தில், ஒருவர் பொலிப்பாட்டை எடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவது வழக்கம். இயந்திரங்கள் களத்துக்கு வந்தபின் அக்குரல் அருகிற்று. அண்ணாவியார் பாட, ஆடுவோர் கம்புகளைத் தட்டி ஏற்றுப் பாடும் களிகம்பும், நோன்பு மாதத்து ஸஹர் வேளையில் தாயிரா கொட்டிப் பாடித் துயிலெழுப்பும் பக்கீர் பாவாக்களின் பணியும் இக்கரை முஸ்லிம்கள் போற்றிவந்த செல்வங்களாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவிலும் பக்கீர்மாரின் கொட்டும் பாட்டும் ஒலிக்கும். சமயம் வேறாயினும், எடுப்பவரும் ஏற்பவருமாக இசை நடக்கும் முறை பழந்தமிழ்ப் பாணர் முறையோடு ஒத்திருத்தல் காண்க.

நாட்டுப் பாடல்களைத் தொகுப்போர் பெரும்பாலும் பாட்டின் சொற்களையே எழுதிக்கொள்கின்றனர். அடுத்தபடியாக முதற்பாடகரின் பெயரைக் குறிக்கின்றனர். தாயிரா எந்த அடியில் எவ்வாறு கொட்டப்பட்டது, ஏற்றுப் பாடியோர் எவ்விடத்திற் குரலெடுத்தனர், அவர் யாவர் என்பன விடுபடுகின்றன. யாழுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கும் நேராதிருக்க வேண்டுமாயின், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் பாட்டோடு துணையிசையையும் பதிவு செய்தல் வேண்டும். எருக்கத்தம்புலியூர்ப் பெண் ஒருத்தி உரிய காலத்திற் கிடைத்தாள். ஒவ்வொரு முறையும் அவ்வாறு ஒருவர் கிடைப்பர் என்பதற்கு உறுதியில்லை.