முகமூடி போட்ட அண்ணன்

தொண்ணூறுகளின் அண்டர்கிரவுண்ட் ஹிப்-ஹாப் இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவர்களிடம், ‘ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்’ என்று கேட்டுப்பாருங்கள். அடிதடியே நடக்கும். சேர்க்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு, 1999-ல் வந்த ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’வுக்கு. ஏன் என்கிறீர்களா?

நியூயார்க்கில் கே.எம்.டி. என்றொரு குழு. அண்ணன் டேனியல் டுமிலே, தம்பி சப்ராக். 1991-ல் எலெக்ட்ரா கம்பெனி அவர்களது முதல் ஆல்பத்தை வெளியிட்டது. இரண்டாவது தயாராகிக்கொண்டிருந்த நேரம். 1993 ஏப்ரலில், சாலையைக் கடந்த சப்ராக் மீது கார் மோதியது. வயது 19. போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் எப்படியோ ஆல்பத்தை முடித்தார். அட்டைப்படத்தில், கறுப்பர்களைக் கேலி செய்யும் பழைய கார்ட்டூன் உருவம் தூக்கில் தொங்கும். ‘அந்தக் கேலி ஒழியட்டும்’ என்று அர்த்தம். கம்பெனிக்கோ வயிற்றில் புளி கரைத்தது. 1994-ல் ஆல்பத்தையும் குழுவையும் சேர்த்தே கை கழுவியது.

அப்புறம் சில வருடங்கள் ஆளையே காணோம். திடீரென்று ஒருநாள், நியூயோரிகன் கஃபே மேடையில், முகத்தைக் காலுறையால் மூடிக்கொண்டு ஒருவர் பாடினார். அவரேதான்! புதுப் பெயர், எம்.எஃப். டூம். பாபிட்டோ கார்சியாவின் ‘ஃபாண்டில் எம்’ என்ற குட்டி லேபிள்தான் இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தது.

ஒலிப்பதிவு கரடுமுரடு என்பார்கள். இருக்கட்டுமே! வெறும் கேள்விக்குறியையே தலைப்பாகக் கொண்ட பாட்டில் தம்பியை நினைத்துப் பாடுகிறார், கேளுங்கள். அந்தத் துக்கத்துக்குப் பாலிஷ் எதற்கு?

2020 அக்டோபர் 31-ல் டூம் இறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது டிசம்பர் 31-ல்தான். கடைசிவரை முகமூடி!

முதல் பதிப்பு என்ன விலையோ, விடுங்கள். மறுபதிப்பு கண்ணில் பட்டால்கூட வாங்கிவிடுங்கள்.