கள்ளிக்காட்டில் ஒரு கலப்பை ஆலை

ஓவியராக வேண்டும் என்பதுதான் லட்சுமண்ராவ் கிர்லோஸ்கரின் இளவயது ஆசை. 1869-இல் பெல்காம் பகுதியில் பிறந்தவர், பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தும் விட்டார். சில நிறங்களை அவர் கண் பிரித்தறியவில்லை. தூரிகையை வைத்துவிட்டு இயந்திர வரைபடம் கற்றார். விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போனதும் வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பினார்.

பெல்காமில் 1888-இல் அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய சைக்கிள் கடைதான் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் வேர். ஆனால் லட்சுமண்ராவின் மனம் உழவர் பக்கமே இருந்தது. மாட்டுத் தீவனம் நறுக்கும் கருவி முதலில் வந்தது. அடுத்து, இரும்புக் கலப்பை.

மரக்கலப்பை மண்ணைக் கீறிவிட்டுப் போகும். இரும்புக் கலப்பையின் வளைந்த தகடோ மண்ணைப் புரட்டிப் போடும். களையின் வேர் வெயிலில் காயும். இவ்வளவு நன்மை இருந்தும் வாங்க ஆளில்லை. இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகிவிடும் என்று உழவர்கள் அஞ்சினார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு போகம் பொய்த்தால் கடனில் மூழ்கும் குடும்பம், கண்ணால் பார்த்துத் தெளியாத எதையும் தன் வயலில் இறக்காது. முதல் கலப்பைகள் விலைபோக ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர் அந்தத் தொழிலைக் கைவிடாததுதான் இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது.

பிறகு வந்தது இன்னொரு இடி. பெல்காம் நகராட்சியால் பட்டறையைக் காலி செய்ய நேர்ந்தது. கைகொடுத்தவர் அவுந்த் சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. குண்டல் ரோடு ரயில் நிலையத்தருகே 32 ஏக்கர் நிலமும், வட்டியில்லாக் கடனாக 10,000 ரூபாயும் தந்தார். நிலம் என்றால் கள்ளியும் நாகப்பாம்பும் மண்டிய வறண்ட தரிசு. 1910-இல் லட்சுமண்ராவும் தொழிலாளர் குடும்பங்களும் அங்கே குடியேறிக் கள்ளியை வெட்டித் திருத்தினார்கள். ஆலையும் வீடுகளும் சேர்ந்தே எழுந்தன, கிர்லோஸ்கர்வாடி பிறந்தது. ஊரே அஞ்சிய கொள்ளையர் இருவர் திருந்தி அங்கே காவல் வேலை பார்த்தார்கள்.

கலப்பையோடு கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் இயந்திரம், பம்பு என்று வேலை விரிந்தது. 1920-இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் நிறுவனமாகப் பதிவானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துத் திரும்பிய மகன் சாந்தனுராவ், தொழிலில் தோள்கொடுத்தார். 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தொடங்கப்பட்டது. கமலை இறைத்த நம் கிணற்று மேடுகளிலும் பின்னாளில் அந்தப் பெயர் பொறித்த எஞ்சின்கள் ஓடின. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)