நைனிடால்: கேளிக்கை ஏரியின் வரலாறு

தில்லியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் ஒரு சோதனைக் காலமாகும். "லூ" என்னும் அனல் காற்று வீதியெல்லாம் வீசும். பள்ளிகள் மூடப்பெறும். தென்னாட்டுக்குச் செல்ல நாளும் பொருளும் வாய்க்காத ஆண்டுகளில், "மலைக்காவது போய் வருவோம்" என்று பிள்ளைகள் வற்புறுத்துவர். இரவில் இரயிலேறினால் விடியற்காலையில் காத்கோதாம் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து 34 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் நைனிடால் வந்துவிடும். சென்றவர் படகில் ஏறுவர். மால் சாலையில் உலாவுவர். மெழுகுவத்திகளும் கம்பளி ஆடைகளும் வாங்கிக்கொண்டு திரும்புவர். ஆனால், தாம் நடந்த மண்ணின் கதையைக் கேட்டறிந்து திரும்புவோர் சிலரே. அக்கதையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவியின் கண்

குமாவோன் மலைநாட்டில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,938 மீட்டர் உயரத்தில் அமைந்தது இவ்வேரி. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. மிகுந்த ஆழம் சுமார் 27 மீட்டர். நம் கோடைக்கானல் ஏரி, மதுரைக் கலெக்டராய் இருந்த லெவிஞ்சு என்பவர் 1863-இல் ஓடையைத் தடுத்து அணைகட்டி அமைத்தது. நைனிடால் ஏரியோ இயற்கை தந்தது. நிலப்பெயர்ச்சியால் உண்டான பள்ளத்தில் மலைநீர் தங்கியது. சதிதேவியின் கண் விழுந்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. ஆதலின் கரையில் நயினாதேவி கோயில் கொண்டாள். அத்திரி, புலத்தியர், புலகர் என்னும் மூன்று முனிவர்கள் தோண்டிய பொய்கை என்று கந்தபுராணத்தின் மானசகண்டம் இதனைப் போற்றுகிறது. மலைமக்கள் இவ்விடத்தைப் புனிதமாகக் காத்தனர், வழிபட வந்தனர், வழிபட்டுத் திரும்பினர், குடியேறவில்லை.

படகு ஏறிய வணிகர்

1815-இல் கூர்க்கர்களிடமிருந்து குமாவோன் ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்தது. குமாவோன் ஆணையராய் இருந்த டிரெயில் என்பவர் இவ்வேரியை அறிந்திருந்தார். எனினும் மலைமக்களின் சமய உணர்ச்சியை மதித்து, அவர் இதனை வெளியுலகுக்குப் பறைசாற்றவில்லை என்பர். அந்த அடக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஷாஜஹான்பூரை அடுத்த ரோசாவில் சர்க்கரை வணிகம் செய்துவந்த பாரன் என்னும் ஆங்கிலேயர், 1841-ஆம் ஆண்டு நவம்பரில் நண்பருடன் இங்கு வந்து சேர்ந்தார். "யாத்திரிகன்" என்ற புனைபெயரில் அவர் எழுதிய செய்திகள் பத்திரிகைகளில் வெளியாகி, 1844-இல் ஆக்ராவில் நூலாகவும் வந்தன. அவர் கட்டிய வீட்டுக்கும் அப்பெயரையே சூட்டினார்.

மறு ஆண்டு அவர் ஒரு படகை ஆட்கள் தோளில் சுமக்கச் செய்து மலையேற்றினார். இவ்வேரியில் மிதந்த முதற்படகு அதுவே என்பர். அப்படகைப் பற்றி ஒரு கதை பழைய வரலாறுகளில் காணப்படுகிறது. ஏரியையும் சுற்றியுள்ள நிலத்தையும் தமக்குரியன என்று உரிமை கோரிய நரசிங் என்னும் ஊர்த் தலைவரை வெள்ளையர் படகில் ஏற்றி, நடு ஏரிக்குக் கொண்டு சென்றனராம். அவருக்கோ நீந்தத் தெரியாது. "உரிமையை விட்டுக் கொடுத்துக் கையெழுத்திடு, இன்றேல் நீரில் இறங்கு" என்ற அச்சுறுத்தலுக்குப் பணிந்து அவர் கையெழுத்திட்டாராம். எழுதியவர்கள் இதனை ஒரு வேடிக்கையாகவே எழுதி வைத்தனர். நாம் அதனைப் படிக்கும்போது நகைப்பு வருவதில்லை. இந்த ஏரியின் முதற் படகுச் சவாரி ஒருவருக்குக் கேளிக்கை; மற்றொருவருக்கு இழப்பு.

அதன்பின் ஊர் விரைந்து வளர்ந்தது. 1845-இல் நகராட்சிக் குழு அமைந்தது. "வனாந்தரத்தில் உள்ள புனித யோவான்" என்ற பெயரில் மாதாகோயில் எழுந்தது. 1862 முதல் வடமேற்கு மாகாண அரசின் கோடைத் தலைநகரம் ஆயிற்று. விடுதிகள், நடன மண்டபம், கடைகள், பள்ளிகள் என மலைச்சரிவெங்கும் கட்டடங்கள் பெருகின. மரங்கள் வெட்டப்பட்டன, சரிவுகள் குடையப்பட்டன. மலை தாங்குமா என்று கேட்டவர் சிலர். கேட்டும் கட்டியவர் பலர். 1867-இலேயே மண் ஒருமுறை சரிந்து எச்சரித்தது.

1880 செப்டம்பர் 18

அந்த ஆண்டு செப்டம்பர் 16-இல் தொடங்கிய மழை இரண்டு நாள் ஓயாது பெய்தது. 18-ஆம் நாள், சனிக்கிழமை காலை, ஷேர்-கா-டாண்டா மலையடிவாரத்தில் விக்டோரியா ஓட்டலின் ஒரு பகுதி மண்ணில் புதைந்தது. அதில் அகப்பட்டோரை மீட்க அதிகாரிகளும் படைவீரர்களும் கூலியாட்களும் கூடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தனர். பிற்பகலில் மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து வந்தது. ஓட்டலும், கடையும், மன்றக் கட்டடமும், நயினாதேவி கோயிலும் சில நொடிகளில் அடித்துச் செல்லப்பட்டன. இறந்தோர் 151 பேர். அவருள் இந்தியர் 108. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் 43. மீட்க வந்தோரே மண்ணுள் மறைந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

சரிந்த மண் ஏரியின் வடகோடியை நிரப்பியது. அந்தப் பரப்பே பின்னர்ச் சமன் செய்யப்பெற்று, இன்று "பிளாட்ஸ்" என வழங்கும் விளையாட்டுத் திடலாகத் திகழ்கிறது. ஹாக்கி, கால்பந்து, கிரிக்கெட் ஆட்டங்கள் அங்கேதான் நடைபெறுகின்றன. நம் பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் கேட்டு அடம்பிடிப்பதும் அங்கேதான். நயினாதேவி கோயில் 1883-இல் திடலின் ஓரத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. துயரம் விழுந்த இடத்தில் விளையாட்டும் வழிபாடும் அருகருகே நிற்கின்றன.

அவ்விபத்து ஒரு பாடமும் கற்பித்தது. மழைநீர் மண்ணுள் ஊறி மலையை நெகிழச் செய்யாமல், விரைந்து வழிந்தோட வேண்டும் என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். சரிவுகளெங்கும் கல் பதித்த கால்வாய்களை அமைத்தனர். "நாலா" எனப்படும் அக்கால்வாய்கள் ஏரியில் வந்து முடிகின்றன. அவையே இந்நகரை இத்தனை ஆண்டுகள் தாங்கி நிற்கும் நரம்புகள். ஷேர்-கா-டாண்டாவில் இருந்த ஆளுநர் மாளிகையும் கைவிடப்பட்டது. எதிர்ப்பக்கத்து அயார்பாட்டா மலையில் புதிய மாளிகை 1899-இல் கட்டி முடிக்கப்பெற்றது.

ஆண்டு முழுதும் திருநாள்

நைனிடாலைக் கோடைக்கு மட்டும் உரிய ஊர் என்று எண்ணுதல் தவறு. பங்குனியில் "புரான்ஸ்" மலர்கள் மலையெங்கும் செந்நிறமாய்ப் பூக்கும். அவற்றைப் பிழிந்து பானகம் செய்வர். கோடையில் படகுகள் நெருங்கும். பாய்மரப் படகுகளும் காற்றின் போக்கறிந்து திரும்பித் திரும்பிச் செல்லும். மழைக்காலத்தில் மூடுபனி ஏரியின் மேல் இறங்கும். அப்போது கூட்டம் குறையும்.

மழை ஓயும் புரட்டாசி வாக்கில் நந்தாதேவித் திருவிழா வரும். வாழைமரத்தை ஊரார் ஊர்வலமாகக் கொண்டுவந்து, அதன் தண்டால் நந்தா, சுநந்தா என்னும் இரு தேவியரின் திருவுருவங்களை அமைப்பர். வழிபாடு முடிந்தபின் அவற்றை ஏரியில் கரைப்பர். வாழையின்றி மங்கல நிகழ்ச்சி காணாத நமக்கு அவ்விழா அயலதாகத் தோன்றாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் தெளிந்துவிடும். 1985-இல் அமைந்த கயிற்றுப் பாதையில் ஏறி நோக்கினால், திரிசூலமும் 7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவியும் வெண்பனியுடன் காட்சி தரும். தை மாதத்தில் சில நாள் பனிமழையும் உண்டு. 

இரவு வானமும் ஒரு காட்சியே. காசியில் தொடங்கிய உத்தரப்பிரதேச வானாய்வு நிலையம் 1955-இல் நைனிடாலுக்கு வந்தது. அதனை இங்குக் கொணர்வதில் முன்னின்றவர், சென்னையில் பிறந்த வானியலறிஞர் வைணு பாப்பு. அவர் 1960-இல் இவ்வேரிக்கரையை விட்டு மற்றோர் ஏரிக்கரைக்குச் சென்றார். கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநரானார். பின்னர் ஜவ்வாது மலைக் காவலூரில் அவர் தோற்றுவித்த நிலையத்தின் பெருந்தொலைநோக்கி, 1986-இல் அவர் பெயரைப் பெற்றது. வடக்கு மலையையும் தெற்கு மலையையும் இணைத்த நட்சத்திரப் பாலம் என்று அவரைக் கூறலாம்.

ஏரியின் கடன்

இன்று நைனிடால் உத்தராகண்ட மாநிலத்தில் உள்ளது. அம்மாநில உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கி வருகிறது. நாம் படகு விடும் நீரே இவ்வூர் மக்களின் குடிநீருக்கும் ஆதாரம். மேலேயுள்ள சூக்காதால் என்னும் பள்ளம் மழைநாளில் நிரம்பி, நிலத்தடி வழியாக ஏரியை ஊட்டுகிறது. அப்பள்ளத்தைச் சுற்றியும் கட்டடங்கள் எழுந்தன. கழிவு கலந்து உயிர்வளி குன்றியதால், 2007 முதல் குழாய்கள் வழியே ஏரியின் அடியில் காற்றைச் செலுத்தி வருகின்றனர். 2017 கோடையில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்து கரையோரம் வண்டல் தெரிந்தது. 2018 ஆகஸ்டில் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி இடிந்து ஏரியில் விழுந்தது. மலை மறுபடியும் பேசுகிறது. 1867-இல் கேளாதது போல இப்போதும் கேளாதிருத்தல் அறிவுடைமை ஆகாது.

நாமும் அயலூரில் வந்து வாழ்பவர்கள். வந்த ஊரின் நீரை அருந்தி அதன் நிழலில் தங்குவோர்க்கு அவ்வூரின்பால் கடமை உண்டு என்பதை நாம் அறிவோம். ஆதலின் அடுத்தமுறை நைனிடால் செல்லும் குடும்பங்கள் நாலாவில் ஒரு தாளையும் எறியாதிருக்கட்டும். கூட்டம் மிகுந்த வாரங்களை விடுத்து, அமைதியான மாதங்களை நாடட்டும். பிளாட்ஸ் திடலில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது, பெற்றோர் அவர்களை அருகழைத்து, அன்று மண்ணை அள்ளியபடியே மறைந்த மனிதர்களைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லட்டும். விளையாட்டு அதனால் குறைந்துவிடாது. விளையாடும் மண்ணின் மதிப்பு பிள்ளைகளுக்கு விளங்கும்.